வாடகை வீடு, ஏஏசி சுவர், இரண்டே ஓட்டை: 4×2 அடி கண்ணாடியை எப்படி மாட்டுவது?

நாலாம்மாடி கேட்டது:

வணக்கம். ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறைச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று மாட்ட வேண்டும். 4 அடி உயரம், 2 அடி அகலம், 5 மி.மீ. கனம். சட்டம் இல்லை, துளையும் போடவில்லை; ஓரம் மட்டும் பாலிஷ் போட்டது.

சிக்கல் சுவரில்தான். புதிதாக ஓட்டை போடக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. முன்பு குடியிருந்தவர்கள் போட்ட இரண்டு ஓட்டைகள் அந்தச் சுவரில் உண்டு. அவற்றை வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். தரையிலிருந்து 178 செ.மீ. உயரத்தில், 45 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன. இரண்டிலும் 8 மி.மீ. பிளாஸ்டிக் ரால் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவருக்குள் செருகும் குழல்). ஒன்றை விரலால் பிடித்து இழுத்தாலே வெளியே வந்துவிடுகிறது, கூடவே வெளிர் சாம்பல் நிறத்தில் மாவு கொட்டுகிறது. சுவரைத் தட்டினால் மந்தமான சத்தம். கதவு நிலை பக்கம் அளந்ததில் பூச்சோடு சேர்த்து 12 முதல் 13 செ.மீ. கனம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

இந்த இரண்டு ஓட்டை கண்ணாடியைத் தாங்குமா? இல்லை, டபுள்-சைடட் டேப்பிலோ சிலிக்கானிலோ நேரடியாகச் சுவரில் ஒட்டிவிடலாமா? வீட்டில் 5 வயதுக் குழந்தை இருக்கிறாள், அதனால் அரைகுறையாக எதுவும் செய்ய விருப்பமில்லை.

செங்கல்சிமெண்ட் பதில்:

நீங்க சொல்ற மாவு, சத்தம், கனம் மூணையும் பார்த்தா அது 4 இன்ச் ஏஏசி பிளாக் (எடை குறைஞ்ச சிமெண்ட் கட்டி) சுவர். செங்கல்லா இருந்தா சிவப்புத் தூள் வந்திருக்கும், கான்கிரீட்டா இருந்தா தட்டும்போது கை வலிக்கும். ஏஏசி பிளாக்குள்ள முழுக்கக் காற்றுக் குமிழிதான், ரஸ்க் மாதிரி. அழுத்தினா தாங்கும், ஆனா உள்ளே விரிஞ்சு பிடிக்க வேண்டிய எதையும் சரியாப் பிடிக்க விடாது. சாதாரண ரால் பிளக் செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் செஞ்சது. ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரியும், சுற்றியிருக்கிற கெட்டிச் சுவர் அதை நெரிச்சுப் பிடிக்கும். ஏஏசியில அது விரியற இடத்துல பிளாக் பொடியாகி வழி விட்டுடும். உங்க பிளக் கையோட வர்றதுக்கு அதுதான் காரணம். இதுல போதாக்குறைக்கு, அந்த ஓட்டையை ஹாமர் மோடுல போட்டிருப்பாங்க. ஏஏசிக்குச் சுத்து மட்டும் போதும், குத்துனா ஓட்டையோட வாய் அகலமாயிடும்.

இனி செய்யக் கூடாதது சிலது. ஓட்டைக்குள்ள மரக் கட்டையைச் சீவி ஆப்பு மாதிரி அடிக்காதீங்க, 4 இன்ச் பிளாக் விரிசல் விடும். வெள்ளை சிமெண்ட்டைக் குழைச்சு அடைக்காதீங்க. ஏஏசி தண்ணியை உறிஞ்சிடும், சிமெண்ட் இறுகுறதுக்கு ஈரம் மிஞ்சாது, காய்ஞ்சதும் உதிரும். கான்கிரீட் ஆணி அடிச்சா முதல் வாரம் கெட்டியா இருக்கிற மாதிரித் தெரியும், கதவு சாத்துற ஒவ்வொரு அதிர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமா தளரும்.

ஓட்டையை ஆழப்படுத்துற யோசனையும் வேண்டாம். அந்தப் பக்கம் குளியலறைன்னு சொல்றீங்க. பைப் பதிக்க அங்கேருந்து 3, 4 செ.மீ. வெட்டியிருப்பாங்க, கீசருக்குப் போற குழாய் இதே உயரத்துல ஓட நல்ல வாய்ப்பிருக்கு. பூச்சோட 12 செ.மீ. சுவர்ல இந்தப் பக்கமிருந்து 6, 6.5 செ.மீ.க்கு மேல போனா சி.பி.வி.சி. குழாயை முட்டலாம். இப்ப ஓட்டை எவ்வளவு ஆழம்னு ஓர் ஈர்க்குச்சியை விட்டு அளந்து சொல்லுங்க.

வீடுபுதுசு பதில்:

எதுக்கு இவ்வளவு வேலை? நல்ல தரமான நுரை டேப் வாங்கி ஒட்டுங்க. கார்ல, லிஃப்ட்ல எல்லாம் அதுலதான் பேனல் ஒட்டுறாங்க. 10 கிலோ எல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல.

கண்ணாடிக்காரர் பதில்:

டேப்பின் மேல் குறை சொல்வதற்கில்லை. அது எதன் மேல் ஒட்டுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் எடையைப் பார்த்துவிடுவோம். கண்ணாடி ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 5 மி.மீ. என்றால் 12.5 கிலோ. உங்கள் கண்ணாடியின் பரப்பு 1.22 × 0.61, அதாவது 0.744 சதுர மீட்டர். எடை 9.3 கிலோ. நிலையான சுமைக்கு, கனத்த அக்ரிலிக் நுரை டேப்புக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 55 சதுர செ.மீ. டேப் என்று கணக்குச் சொல்வார்கள். 9.3 கிலோவுக்கு 512 சதுர செ.மீ. 19 மி.மீ. அகல டேப்பில் 2 மீட்டர் 70 செ.மீ. ஒட்ட வேண்டும். ஒட்டலாம், டேப்பும் தாங்கும். லிஃப்ட்டில் அது உலோகத்தின் மேல் ஒட்டுகிறது. உங்கள் வீட்டில் டேப்புக்குப் பின்னால் இருப்பது எமல்ஷன் பெயின்ட். பெயின்ட்டுக்குப் பின்னால் ஒன்றிரண்டு மி.மீ. பட்டி (சுவர் புட்டி). அதற்குப் பின்னால்தான் பூச்சு. மொத்த எடையும் அந்தப் பட்டியைப் பிடித்துத் தொங்கும். ஒரு நாள் டேப், பெயின்ட், பட்டி எல்லாம் ஒரே தோலாக உரிந்து கண்ணாடியோடு கீழே வரும். பின்பக்கம் குளியலறை என்பதால் கொஞ்சம் ஓதம் ஏறினாலே பட்டி மாவாகிவிடும். சோதிக்க வேண்டுமென்றால் அகலமான பேக்கிங் டேப்பை ஒரு மூலையில் அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். வெள்ளையாக ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தச் சுவரில் எதையும் ஒட்டி மாட்டாதீர்கள்.

சிலிக்கானைச் சுவரில் நேரடியாக அடித்தாலும் இதே கதைதான். கூடவே இன்னொரு கேடு: காலி செய்யும்போது கண்ணாடியை உடைக்காமல் எடுக்க முடியாது, எடுத்தாலும் சுவரில் திட்டுத் திட்டாகப் பூச்சு போயிருக்கும். இரண்டு ஓட்டையைக் காப்பாற்றப் போய் முழுச் சுவருக்கும் பணம் கட்ட வேண்டிவரும்.

குழந்தை இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரசம் பூசிய கண்ணாடியை அதன்பின் டஃபன் செய்ய (சூடாக்கி உறுதிப்படுத்த) முடியாது. அந்தச் சூட்டில் ரசம் நிற்காது. அதனால் கடையில் வாங்கும் சாதாரண நிலைக்கண்ணாடி உடைந்தால் கத்தி போல நீளத் துண்டுகளாகத்தான் உடையும். பின்பக்கம் முழுவதும் பாதுகாப்பு பிலிம் ஒட்டச் சொல்லுங்கள். கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடைகளிலேயே ஒட்டித் தருவார்கள். உடைந்தாலும் துண்டுகள் பிலிமில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எந்த முறையில் மாட்டினாலும் இது இல்லாமல் மாட்டாதீர்கள்.

தச்சுப்பட்டறை பதில்:

செங்கல்சிமெண்ட்டும் கண்ணாடிக்காரரும் சொன்னது சரி. இப்ப வழியைப் பார்க்கலாம்.

சார், எல்லாரும் இந்தச் சுவர் 9 கிலோவைத் தாங்குமான்னு யோசிக்கிறாங்க. சுவர் எதுக்குத் தாங்கணும்? எடையைத் தரைக்குக் கொடுங்க. சுவருக்குக் கண்ணாடியை முன்னால சாய விடாமப் பிடிக்கிற வேலையை மட்டும் கொடுங்க. அந்த வேலைக்கு உங்க ரெண்டு ஓட்டை தாராளமாப் போதும், அதுக்கு வேண்டிய உயரத்துலதான் அதுவும் இருக்கு.

செய்ய வேண்டியது ஏணி மாதிரி ஒரு சட்டம். ரெண்டு கால், ஒன்றரை இன்ச் சதுரம், 182 செ.மீ. நீளம். சில்வர் ஓக் போதும், தேக்கு இருந்தா இன்னும் நல்லது. ரப்பர் மரம் வேண்டாம், வீடு துடைக்கிற தண்ணி படுற இடம். மேலே ஒரு குறுக்குப் பட்டை, 3 இன்ச் அகலம், முக்கால் இன்ச் கனம். அதோட நடு 178 செ.மீ.ல வரணும், ஏன்னா உங்க ஓட்டை அங்கேதான் இருக்கு. இந்தப் பட்டை கால்களோட பின்பக்கத்துக்குச் சமமா, சுவரை ஒட்டி உட்காரணும். கீழே இன்னொரு பட்டை, 50 செ.மீ. உயரத்துல. சட்டத்தோட வெளி அகலம் 61 செ.மீ., ரெண்டு காலையும் கழிச்சா பட்டை நீளம் 53.4 செ.மீ. 45 செ.மீ. இடைவெளி ஓட்டை அதுக்குள்ள வசதியா விழும். பட்டையைக் காலோட சேர்க்கப் பக்கவாட்டுலேருந்து ஒரு முனைக்கு ரெண்டு ஸ்க்ரூ, 8-ம் நம்பர், 3 இன்ச், கூட ஃபெவிகால். முதல்ல 3 மி.மீ. பிட்டால பைலட் ஓட்டை போட்டுடுங்க, இல்லைன்னா பட்டை நுனி பிளக்கும்.

இந்தச் சட்டத்துக்கு முன்னால 4×2 அடி, 12 மி.மீ. பிளைவுட். காலுக்கு 6 ஸ்க்ரூ வீதம், 8-ம் நம்பர், ஒண்ணேகால் இன்ச், தலை பிளைவுட்டுக்குள்ள பதியற மாதிரிக் குழி போட்டு. பிளைவுட் 50 செ.மீ.ல ஆரம்பிச்சு 172 செ.மீ.ல முடியும். அதுக்கு மேலே 6 செ.மீ. தள்ளி சுவர் ஸ்க்ரூ வர்றதால, கண்ணாடி ஒட்டின பிறகும் ஸ்க்ரூடிரைவர் போக இடம் இருக்கும். பிளைவுட்டுக்கு ரெண்டு பக்கமும், ஓரத்துக்கும் ஒரு கோட் பிரைமர் அடிங்க. ஒரு பக்கம் மட்டும் அடிச்சா ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிச்சு வளையும், அது வளைஞ்சா கண்ணாடியில முகம் கோணலாத் தெரியும்.

50லேருந்து 172 வரைக்கும்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. முழு உருவம் தெரிய கண்ணாடி உங்க உயரத்துல பாதி இருந்தாப் போதும், எவ்வளவு தள்ளி நின்னாலும் அதே கணக்குதான். கீழ் ஓரம் கண் உயரத்துல பாதியில வரணும், மேல் ஓரம் கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவுல. 175 செ.மீ. ஆளுக்கு மேல் ஓரம் 169, 170 போதும். 5 வயசுப் பிள்ளைக்குக் கண் உயரம் ஒரு மீட்டர் சுமார் இருக்கும், அவளுக்குக் கீழ் ஓரம் 50 செ.மீ.ல வேணும். வீட்டுல எல்லாரும் தலையிலேருந்து பாதம் வரைக்கும் பார்த்துக்கலாம்.

இப்ப சுவருக்கு எவ்வளவு சுமைன்னு பாருங்க. கண்ணாடி 9.3, பிளைவுட் ஏறக்குறைய 6, சட்டம் 4 சொச்சம், மொத்தம் 19 கிலோ சுமார். எல்லாம் ரெண்டு கால் வழியாத் தரைக்குப் போயிடும். எடையோட மையம் காலின் முன் விளிம்பைத் தாண்டி அரை செ.மீ. சுமார் வெளியே இருக்கும். அதனால தனியா விட்டா முன்னால சாயும், ஆனா 178 செ.மீ. உயரத்துல அதைத் தடுக்கத் தேவைப்படுற இழுவிசை 100 கிராம்கூட இல்லை. யாராவது ஒரு மீட்டர் உயரத்துல பிடிச்சு 10 கிலோ விசையோட இழுத்தா மேலே 5.6 கிலோ வரும், ஓர் ஓட்டைக்கு 3 கிலோவுக்கும் குறைவு. அந்தத் தளர்ந்த ஓட்டையைச் சரி பண்ணினா இதைத் தாங்கும். ஆனா அந்த ரெண்டு ஸ்க்ரூவைப் போடாம சும்மா சாய்ச்சு மட்டும் வைக்காதீங்க. பிள்ளை இருக்கிற வீட்டுல அது ஆபத்து.

செங்கல்சிமெண்ட் பதில்:

இது நல்ல யோசனை. ஓட்டையைச் சரி பண்ற முறையை நான் சொல்லிடுறேன்.

பழைய பிளக்குக்குள்ள ஒரு ஸ்க்ரூவைப் பாதி வரைக்கும் முறுக்கி, குறடால பிடிச்சு நேரா இழுங்க, வந்துடும். சைக்கிள் பம்பு நுனியை ஓட்டை வாயில வெச்சு நாலஞ்சு தடவை காத்து அடிங்க, கண்ணை மூடிக்கோங்க. மாவு முழுக்கப் போகணும். மாவு இருந்தா எந்தப் பசையும் மாவைத்தான் பிடிக்கும், பிளாக்கைப் பிடிக்காது. அடுத்து 10 மி.மீ. பிட்டை மெஷின்ல மாட்டாமக் கையாலேயே சுத்திச் சுத்தி உள்ளே விடுங்க. ஏஏசி அதுக்கு இணங்கும். பிட்டுல 55 மி.மீ.க்கு ஒரு டேப் சுத்திக்கோங்க, அதுக்கு மேல போகக் கூடாது.

பிளக் ஏஏசிக்குன்னே வர்றதைக் கேட்டு வாங்குங்க. 10 மி.மீ., நைலான், நீளம் 50 மி.மீ. வெளிப்பக்கம் முறுக்கு முறுக்கா இறக்கை இருக்கும், உள்ளே போகும்போது பிளாக்கை அறுத்துக்கிட்டு உட்காரும். சாதாரண மெல்லிசு பிளக் கொடுத்தா வாங்காதீங்க. எம்-சீல் மாதிரி எபாக்ஸி புட்டி ரெண்டு பாகத்தையும் சம அளவு எடுத்து, நிறம் ஒண்ணாகுற வரைக்கும் பிசைஞ்சு, ஓட்டையோட சுவர்ல மெல்லிசாத் தடவிட்டு பிளக்கை மெதுவாத் தட்டி இறக்குங்க. பிளக்கோட உள்துளைக்குள்ள புட்டி போயிடக் கூடாது. ஒரு மெழுகுத் துண்டை வாயில அடைச்சுட்டா போகாது, அப்புறம் குத்தி எடுத்துடலாம். ஒரு முழு நாள் அப்படியே விடுங்க.

ஸ்க்ரூ 6 மி.மீ., 3 இன்ச். பட்டைக்கு 19 மி.மீ. போக 56 மி.மீ. உள்ளே போகும், 50 மி.மீ. பிளக்கைத் தாண்டி நுனி கொஞ்சம் வெளியே வரணும், அப்பதான் பிளக் முழுசா விரியும். பேட்டரி டிரில்லால விர்ருன்னு முறுக்காதீங்க. கையால முறுக்கி, தலை பட்டையில உட்கார்ந்ததும் கால் சுத்து, அவ்வளவுதான். அதுக்கு மேல போனா ஏஏசிக்குள்ள பிளக் சேர்ந்து சுத்தும், பண்ணின வேலை வீண்.

சட்டம் மாட்டுறதுக்கு முன்னால ஒரு சோதனை. ஒவ்வொரு பிளக்குலயும் கொக்கி ஸ்க்ரூ ஒண்ணைப் போட்டு, பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசை மாட்டி நேரா இழுங்க. 10 கிலோ காட்டற வரைக்கும் இழுத்து ஒரு நிமிஷம் பிடிங்க. அசையலைன்னா உங்க தேவைக்கு மூணு மடங்குக்கு மேல இருக்கு.

கண்ணாடிக்காரர் பதில்:

பிளைவுட்டில் கண்ணாடியை ஒட்டுவது என் பங்கு.

சிலிக்கான் வாங்கும்போது ‘நியூட்ரல்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். காடி வாசனை வீசும் அசிட்டிக் வகை, காயும்போது அமிலத்தை வெளிவிடும்; பின்பக்கப் பெயின்ட்டைத் தின்று ரசத்தைத் தொடும். சில மாதம் கழித்துக் கண்ணாடியில் கோடு கோடாகக் கறுப்பு தெரிவது பெரும்பாலும் இதனால்தான். அங்கே விழுந்த கறுப்பை எதனாலும் எடுக்க முடியாது. சந்தேகமிருந்தால் ஒரு சொட்டுப் பிதுக்கி முகர்ந்து பாருங்கள்.

ரெண்டு மி.மீ. கனமுள்ள மிரர் டேப்பை பிளைவுட்டில் செங்குத்தாக மூன்று வரி ஒட்டுங்கள். சிலிக்கான் காயும் வரை கண்ணாடியை நகராமல் பிடிப்பது அதன் வேலை, சிலிக்கான் மிகவும் நசுங்காமல் இடைவெளி காப்பதும் அதுவே. அதற்கு நடு நடுவே சிலிக்கானை மேலிருந்து கீழாக 5 வரி விடுங்கள், பென்சிலைவிடச் சற்றே பருமனாக, 8 மி.மீ. வரிக்கு 110 செ.மீ. என்றால் மொத்தம் ஐந்தரை மீட்டர். 280, 300 மி.லி. டியூப் ஒன்று சரியாக இருக்கும். வட்டம் வட்டமாகவோ, ஓரத்தைச் சுற்றி மூடிய சதுரமாகவோ விடாதீர்கள். சிலிக்கான் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். மூடிய சதுரத்துக்குள் காற்று போகாது, வாரக்கணக்கில் களியாகவே இருக்கும். செங்குத்து வரியென்றால் மேலும் கீழும் காற்றோடும். பிலிம் ஒட்டியிருந்தால் சிலிக்கான் பிலிமைத்தான் பிடிக்கும். ஆகவே பிலிம் குமிழி இல்லாமல் முழுவதும் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இருந்தாலும் சிலிக்கானை மட்டும் நம்ப வேண்டாம். பிளைவுட்டின் கீழ் விளிம்பில் அலுமினிய ஜே சேனல் (J வடிவப் பட்டை) ஒன்றை ஸ்க்ரூ செய்யுங்கள், உள் அகலம் 6 மி.மீ. கண்ணாடியின் எடை அதில் உட்காரட்டும். சேனலில் கண்ணாடியை அப்படியே வைக்காதீர்கள். இரு முனையிலிருந்தும் கால் பங்கு தூரத்தில், அதாவது 15 செ.மீ. தள்ளி, 3 மி.மீ. கனத்தில் ஒரு ரப்பர் துண்டு வீதம் வைத்து அதன்மேல் வையுங்கள். உலோகத்தில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் கண்ணாடி அந்த இடத்திலிருந்து விரிசல் விடும். ஸ்க்ரூ தலைகள் சேனலுக்குள் முழுவதும் பதிந்திருக்க வேண்டும். மேலே ரெண்டு மிரர் கிளிப், கண்ணாடிக்கும் கிளிப்புக்கும் நடுவே ஒரு மி.மீ. விட்டு. இறுக்கினால் மரம் விரிந்து சுருங்கும்போது கண்ணாடி விரிசல் விடும்.

தரையில் படுக்கவைத்து ஒட்டி, அப்படியே இரண்டு நாள் விடுங்கள். அதன்பின் இரண்டு பேராக, செங்குத்தாகத் தூக்குங்கள். பிளைவுட் பின்னால் இருந்தாலும் படுக்கை வாட்டில் நடுவே தொய்ய விடாதீர்கள்.

நாலாம்மாடி பதில்:

எல்லோருக்கும் நன்றி. ஈர்க்குச்சி விட்டு அளந்தேன், இரண்டும் 52 மி.மீ. ஆழம். டேப் சோதனையில் பட்டி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, அதனால் ஒட்டும் யோசனையை விட்டாயிற்று. தச்சுப்பட்டறை அண்ணா சொன்ன சட்டம்தான் செய்யப்போகிறோம்.

மூன்று சந்தேகம். சுவரடியில் 4 இன்ச் உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் டைல் இருக்கிறது, சுவரைவிட 10 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கால் சுவரை ஒட்டாதே? அடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தால் வலது ஓட்டை இடதைவிட 7 மி.மீ. கீழே இருக்கிறது. மூன்றாவது, காலே இல்லாமல் மேலே பரணிலிருந்து கம்பியில் தொங்கவிடலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள்.

தச்சுப்பட்டறை பதில்:

ஸ்கர்ட்டிங்குக்குக் காலோட பின்பக்க அடியில வெட்டு எடுத்துடுங்க. 12 மி.மீ. ஆழம், 11 செ.மீ. உயரம். 38 மி.மீ. காலுல 26 மி.மீ. மிச்சம் இருக்கும், 19 கிலோவுக்கு அது போதும். வெட்டை டைல்மேல இறுக்கமா உட்கார வைக்காதீங்க. எடை டைல் தலையில இறங்கினா டைல் பெயர்ந்துடும். கால் தரையில நிக்கணும், டைலைச் சுத்தி ரெண்டு மி.மீ. காத்து இருக்கணும். வெட்டினதால காலடியில பின்பக்கம் குறையும், முன் விளிம்பு அப்படியேதான் இருக்கும், அதனால நான் சொன்ன சாய்வுக் கணக்கு மாறாது.

கால் அடிக்கு நாற்காலிக்குப் போடுற ரப்பர் புஷ் மாதிரியோ, 3 மி.மீ. ரப்பர் தகடோ போடுங்க. போடுறதுக்கு முன்னால மரத்தோட வெட்டு முகத்துக்கு ரெண்டு கோட் பிரைமர். மரம் தண்ணி குடிக்கிறது அந்த முகம் வழியாத்தான், துடைக்கிற தண்ணி தினமும் அங்கே நிக்கும். தரை ஒரு பக்கம் தாழ்வா இருந்தா ரப்பருக்கு அடியில இன்னொரு மெல்லிசுத் தகடு. ரெண்டு காலும் சமமா எடை ஏத்துக்கிற வரைக்கும் சுவர் ஸ்க்ரூவை முறுக்காதீங்க. ஒரு கால் அந்தரத்துல நின்னா அதோட எடை பூரா ஸ்க்ரூ மேல வந்துடும், இவ்வளவு பண்ணினதும் எதுக்குன்னு ஆயிடும்.

7 மி.மீ. வித்தியாசம் பெரிய விஷயமே இல்லை. பட்டையில இடது பக்கம் 6.5 மி.மீ.ல வட்ட ஓட்டை. வலது பக்கம் மேலும் கீழுமா நீளமான ஓட்டை, 7 மி.மீ. அகலம், 20 மி.மீ. உயரம். 7 மி.மீ. பிட்டால வரிசையா மூணு ஓட்டை போட்டு, நடுவுல இருக்கிறதை அரத்தால ராவினா ஆச்சு. ஸ்க்ரூ தலைக்கு அடியில 20 மி.மீ. அகலமான வாஷர் போடுங்க, சின்ன வாஷர்னா நீள ஓட்டைக்குள்ள அமுங்கும். அளவு எடுக்கச் சுலபமான வழி: ரெண்டு பிளக் வாயிலயும் கொஞ்சம் லிப்ஸ்டிக்கோ சுண்ணாம்போ தடவி, சட்டத்தை நேரா நிறுத்தி பட்டையை அழுத்துங்க. பின்பக்கம் பதிஞ்ச இடம்தான் ஓட்டை. இதைக் கண்ணாடி ஒட்டுறதுக்கு முன்னாலேயே பண்ணிடுங்க, வெறும் சட்டத்தைத் தூக்குறது சுலபம்.

பரண்ல தொங்கவிடணும்னா அங்கேயும் புது ஓட்டை போடணும், ஒப்பந்தம் அதுக்கும் சேர்த்துத்தான். ஓட்டைக்கு அனுமதி கிடைச்சாக்கூட, ரெண்டு கம்பியும் நேர் செங்குத்தா இருக்கணும். படம் மாட்டுற மாதிரி ரெண்டு முனையும் சேர்த்து ஒரே ஆணியில கோணலா மாட்டினா கம்பியில விசை ஏறிடும். கம்பி படுக்கை வாட்டத்துலேருந்து 30 டிகிரியில இருந்தா ஒவ்வொரு பக்கமும் முழு எடையே வரும், 10 டிகிரியில 15 கிலோவுக்கு 43 கிலோ. அதோட தொங்குற கண்ணாடி காத்துக்கு ஆடும், பிள்ளை கையில பட்டு மோதும். வேண்டாம்.

நாலாம்மாடி பதில்:

புரிந்தது அண்ணா. சிலிக்கான், பிலிம் இரண்டையும் கண்ணாடிக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: பின்பக்கம் குளியலறை என்பதால் ஓதம் கண்ணாடியைப் பாதிக்குமா?

கண்ணாடிக்காரர் பதில்:

இந்த அமைப்பில் பெரிதாகப் பாதிக்காது. பிளைவுட்டுக்கும் சுவருக்கும் நடுவே கால் கனம், 38 மி.மீ. காற்று இருக்கிறது, அடியும் மேலும் திறந்திருக்கிறது. சுவரோடு ஒட்டி வைத்திருந்தால்தான் ஈரம் அடைபட்டு ஓரத்திலிருந்து ரசம் கறுக்கும். அந்த இடைவெளியில் துணியோ அட்டையோ செருகி அடைக்காதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் டார்ச் அடித்து ஒருமுறை பின்னால் பாருங்கள். சுவரில் உப்புப் பூத்திருந்தால் குளியலறை டைல் இடுக்கில் நீர் இறங்குகிறது, அதை வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரிசெய்ய வேண்டும்.

ஓரம் கறுப்பதற்கு ஓதத்தைவிட அடிக்கடி காரணமாவது துடைக்கும் முறைதான். ஸ்ப்ரேயைக் கண்ணாடியில் அடித்தால் வழிந்து ஜே சேனலுக்குள் தேங்கும், கண்ணாடியின் கீழ் வெட்டு முகம் அதில் ஊறிக்கொண்டே இருக்கும். துணியில் அடித்துத் துடையுங்கள். வாங்கும்போதே கீழ் ஓரத்துக்கு நிறமில்லாத நெயில் பாலிஷோ பெயின்ட்டோ ஒரு கை தடவிக் காயவைத்துவிட்டுச் சேனலில் இறக்கினால் இன்னும் நல்லது.

தச்சுப்பட்டறை பதில்:

காலி பண்ணும்போது ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டினா சட்டம் தனியா வந்துடும். பிளக்கை உள்ளேயே விட்டுடுங்க, பிடுங்கினா வாய் பெயரும். பிளக்கோட விளிம்பு வெளியே தெரிஞ்சா பிளேடால சுவர் மட்டத்துக்கு வெட்டி, மேலே பட்டி வெச்சு, காய்ஞ்சதும் 220 நம்பர் உப்புத்தாள் போடுங்க.